விசில் ஊத முதல்

பாலையூற்று,
திருகோணமலை.
03.09.2023

இஞ்சருங்கோ,

நலம், நலமறிய ஆவல் எண்டு தொடங்கவேணுமாம். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு ஞாபகத்தில நிக்கிறது அந்த ஒரு வரிதான். அதை எழுதிப்போட்டன். இனி என்ர பாட்டுக்கு எழுதுறன். பிழை இருந்தா நீங்களே ஒட்டுப் போட்டு வாசியுங்கோ.

போன கிழமை போனில என்ன சொன்னனீங்கள்? "புஸ்பம், நீர் கதைக்கத் தொடங்கினா எனக்கு ஓம் சொல்லவும் இடம் கிடைக்கிறேல்லை. இனிக் கடுதாசி எழுதுவம்" எண்டு சொல்லிப்போட்டுப் பட்டெண்டு வைச்சிட்டீங்கள். பிறகு எடுத்தா ஒரு மலாய்க்காரி வந்து என்னவோ சொல்லுறாள். அவளோடயும் கொஞ்ச நேரம் கதைச்சுப் பாத்தன். நல்ல பிள்ளை. ஆனா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுறாள்.

தபால் கந்தோரில வெளிநாட்டு முத்திரை கேக்க, அங்க இருந்த பெட்டை என்னை மேலயும் கீழயும் பாத்தாள். "ஏனக்கா, போன் இல்லையோ?" எண்டாள். "போன் இருக்கு பிள்ளை, மனிசன்தான் இல்லை" எண்டன். முத்திரையோட வெளிய வர, பஸ் ஸ்ராண்டுப் பக்கம் திரியிற மான் ஒண்டு கையை மணந்து பாக்க வந்துது. அதின்ர வாயில தப்பின முத்திரைதான் இதில ஒட்டியிருக்கு.

அப்பா எனக்குச் சீதனமாய்த் தந்த பஞ்சர் கடை நல்லாய்த்தான் போகுது. வெள்ளைக்காரர் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போகேக்க வழியில இருக்கிற ஆணி முழுக்க ஏத்துறாங்கள். பிள்ளையார் அவங்களுக்கு நீண்ட ஆயுளைக் குடுக்கட்டும். முன்பக்கத்துக் கடை அஷ்பாக் தம்பி காத்தடிக்கிற புது மெசின் ஒண்டு வாங்கியிருக்கிறார். கலியாண வீடு மாதிரி லைட் மினுங்குது. "தம்பி, நான் விரலால அமத்திப் பாத்தே காத்துச் சொல்லுவன்" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

கேக்கிற ஆக்களுக்கு, என்ர மனிசன் மலேசியாவில மோட்டச்சைக்கிள் ரேஸ் ஓடுற இடத்தில வேலை எண்டு சொல்லுறன். சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்குது. ஏனெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அங்க சரளைக்கல்லு வாருறீங்கள் எண்டதை நான் சொல்லேல்லை, பயப்பிடாதேங்கோ. கடல் தாண்டிப் போய்க் கல்லு வாருற மனிசன் எங்கட வீட்டு முற்றத்தை ஒருநாள் வாரியிருப்பாரோ?

வாற ஏப்பிரலில ரெண்டு வருசம் முடியுது. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில நான் சுவரோட கதைச்சுக் கதைச்சுச் சுவருக்கும் காது வலிக்குது. வாற திகதியை எழுதுங்கோ.

உங்கட வாய்க்காரி,
புஸ்பராணி


செப்பாங்,
மலேசியா.
21.09.2023

அன்பின் புஸ்பம்,

கடுதாசி கிடைச்சுது. அறையில எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு இருக்க, நான் ஒராள் தாளை விரிச்சு வாசிச்சனான். ஊரில ஆரும் செத்துப்போயிட்டினமோ எண்டு கேட்டாங்கள்.

கல்லு வாருறது பகிடி வேலை இல்லை. வளைவுகளுக்கு வெளிய அந்தக் கல்லைப் பரப்பியிருக்கிறதே விழுகிற பெடியளுக்காகத்தான். கல்லு இறுகிக் கிடந்தா விழுந்தவன் உருண்டு போய்ச் சுவரில அடிபடுவான். நாங்கள் வாரி இளக்கி வைச்சா அதுக்குள்ள புதைஞ்சு நிப்பான். இதை முந்தியே சொல்லியிருப்பன். போனில இடம் கிடைக்கேல்லை.

ஒரு புதினம் இருக்கு. நவம்பர் மாசம் இங்க உலகப் போட்டி. போன வருசம் நான் வேலிக்குப் பின்னால நிண்டு பாத்தனான். இந்த முறை என்னையும் ஓடுபாதைக் கரையில நிக்கிற ஆளாய் எடுத்திருக்கிறாங்கள். ஒன்பதாம் இலக்க வளைவு. எங்கட தலைவர் அஸாம், இந்த ஊர்க்காரர், இந்த வேலையில அவருக்கு ஆறு வருசப் பழக்கம். ஆராவது விழுந்தா ஓடிப்போய் பைக்கைத் தூக்கி, ஆளை வேலிக்குப் பின்னால கொண்டுவாறது எங்கட வேலை.

ஆகக் கூடுதலாய் விழுகிறது சின்ன வகுப்புப் பெடியள்தான். மோட்டோ-3 எண்டு சொல்லுறது. பெரிய ரேஸ்காரர் ஆகிறதுக்கு முதல் படிக்கிற பாலர் வகுப்பு மாதிரி. பதினெட்டு, இருபது வயசு. எஞ்சின் 250 தான், ஆனா மணிக்கு இருநூறுக்கு மேல பறப்பாங்கள். பெரிய வகுப்பில ஒவ்வொருத்தனாய்ப் போவான். இவங்கள் இருபத்தஞ்சு பேரும் கலைச்சுவிட்ட குளவி மாதிரி ஒரே கொத்தாய் வருவாங்கள். முழங்கையோட முழங்கை உரசும். கடைசிச் சுற்றில முன்னுக்குப் போக ஒருத்தனுக்கும் விருப்பமில்லை. பின்னால ஒட்டிக்கொண்டு வாறவன் முன்னுக்குப் போறவன்ர காத்து மறைவில வந்து, கோட்டில வைச்சு முந்திப்போடுவானாம்.

மூண்டு நாள் படிப்பிச்சாங்கள். ஒரு சட்டம் சொன்னாங்கள். விழுந்தவனைப் பாத்துச் சிரிக்கக்கூடாது, கை தட்டக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. மீறினா அண்டைக்கே வெளிய போகவேண்டியதுதான். நான் அதை இன்னொருக்காச் சொல்லச் சொல்லிக் கேட்டனான்.

வாற திகதி இப்ப எழுத ஏலாது. இன்னும் ரெண்டு வருசம் நிக்கச் சொல்லிக் கந்தோரில கேக்கிறாங்கள். இந்த வருசம் முடிய முதல் மறுமொழி சொல்லவேணும்.

அன்புடன்,
ஆனந்தராசா


பாலையூற்று,
திருகோணமலை.
08.10.2023

இஞ்சருங்கோ,

ரெண்டு வருசமோ? சரி சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை. கடைசி வரியில, ஒரு ஓரத்தில, கறிக்குள்ள போட்ட பச்சைமிளகாய் மாதிரி ஒளிச்சு வைச்சு எழுதியிருக்கிறீங்கள். கடிச்சாப்பிறகுதான் தெரிஞ்சுது.

எங்கட அக்காவின்ர மகள் லோஜினிக்கு நிச்சயம் முடிஞ்சுது. கலியாணம் டிசம்பர் மூண்டாம் திகதி, மாப்பிள்ளை கப்பல்துறை. நிச்சயத்தண்டு சாப்பிட்ட இலையும் எடுக்கேல்லை, மாப்பிள்ளை பகுதியில ஒரு அம்மா, "புஸ்பராணி எண்டது நீங்களோ? அந்த விசில் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" எண்டா. கப்பல்துறை வரைக்கும் போயிட்டுது பாருங்கோ உங்கட புகழ்!

நானும் சொன்னன். 2019 புதுவருச விளையாட்டுப் போட்டி, மெதுவாய் மோட்டச்சைக்கிள் ஓடுற போட்டி. கால் நிலத்தில படாமல் ஆகக் கடைசியாய் வாறவருக்கு ரைஸ் குக்கர். ஏழு பேர் வரிசையில நிக்கினம். என்ர மனிசன் கறுப்புக் கண்ணாடி போட்டு, நெஞ்சை நிமித்தி, மகாராசா மாதிரி நிக்கிறார். நடுவர் விசிலை வாயில வைக்கிறார். ஊதேல்லை, வைச்சவர் அவ்வளவுதான். எங்கட மகாராசா காலைத் தூக்கினார், வேரோட சாயுற முருங்கை மாதிரி மெல்ல மெல்லச் சாய்ஞ்சு தொப்பெண்டு விழுந்தார். ஹெல்மெட் கழண்டு உருண்டு போய்ப் பிரதம விருந்தாளியின்ர காலடியில நிண்டுது. அந்தப் பயத்தில நடுவர் விசிலை ஊதிப்போட்டார்! "விசில் ஊத முதலே தோத்த ஒரே ஒரு ஆள் உலகத்தில என்ர மனிசன்தான்" எண்டு முடிக்க, சனம் கதிரையால விழாத குறை. மாப்பிள்ளைப் பெடியன் உடன ரெண்டு விரலை வாயில வைச்சு ஒரு விசில் அடிச்சான். நல்ல பெடியன்.

இப்ப நீங்கள் விழுகிறவங்களைத் தூக்கிற வேலை எண்டு கேள்விப்பட்டா இன்னும் சிரிப்பினம். அனுபவம் பாத்துத்தான் எடுத்திருக்கிறாங்கள்.

மழை தொடங்கிட்டுது. கடைக்கு முன்னால வெள்ளம். ரெண்டு வருசம் எண்டதை நல்லாய் யோசிச்சுப் பாருங்கோ. நான் கட்டாயப்படுத்தேல்லை. குசினியில உங்கட தேத்தண்ணிக் கோப்பையில இப்ப நான்தான் குடிக்கிறன், உடைஞ்சு போனா என்னைக் கேக்கக்கூடாது.

தனிய நிண்டு காத்தடிக்கிற,
புஸ்பராணி


செப்பாங்,
மலேசியா.
14.11.2023

அன்பின் புஸ்பம்,

போட்டி முடிஞ்சுது. ஞாயிறு ரேஸ், ஞாயிறுதான் தீபாவளியும். எண்ணெய் வைச்சு முழுகேல்லை. விடியச் செம்மஞ்சள் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒன்பதாம் வளைவில நிண்டனான். அஸாம் எனக்கெண்டு ஒரு பை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். ரெண்டு பேரும் கொடியைக் கக்கத்தில வைச்சுக்கொண்டு சாப்பிட்டம்.

நான் எழுத வந்தது வெள்ளிக்கிழமைக் கதை. முதல் பயிற்சி ஓட்டம், சின்ன வகுப்பு. இரவு பெய்த மழையில ஓடுபாதை குளிர்ந்து கிடந்தது. வெளிக்கிட்டு முதல் சுற்று, நேரம் கணக்கெடுக்கத் தொடங்கவும் இல்லை. அதுக்குள்ள ஒரு பெடியன் எங்கட வளைவில சறுக்கிக் கல்லுக்குள்ள போயிட்டான். அஸாம் விசில் ஊதினார். இங்க விசில் ஊதினா ஒரு கருத்துத்தான்: ஒருத்தன் விழுந்திட்டான், ஓடு.

நான் ஓடேல்லை, புஸ்பம். ஒரு நொடி அப்படியே நிண்டிட்டன். விசில் சத்தம் கேட்டா என்ர முதுகு கூசும். உமக்கு அது தெரியுமோ? மீன் சந்தையில, தேத்தண்ணிக் கடையில, கோயில் வீதியில, ஆராவது ஒருத்தன் எனக்கு விசில் அடிப்பான். நானும் சிரிச்சுப்போட்டுப் போவன். மலேசியாவுக்கு ஆள் எடுக்கினம் எண்டு கேள்விப்பட்ட உடன ஏன் பேர் குடுத்தனீங்கள் எண்டு நீர் எத்தினை தரம் கேட்டிருப்பீர். சம்பளத்துக்கு எண்டு சொன்னனான். அது அரைவாசிதான்.

பிறகு ஓடினன். பைக்கைத் தூக்கினம். பெடியனுக்குக் காயம் இல்லை. கல்லுக்குள்ள குந்தியிருந்து அழுதான். தொடங்க முதலே விழுந்த வெக்கம். எனக்கு அவன்ர பாசை தெரியாது. தமிழில சொன்னன்: "நீ இல்லைத் தம்பி. டயர். டயர் சூடாகேல்லை." டயரைத் தொட்டுக் காட்டினன். விளங்கிட்டுது, தலையை ஆட்டினான். சுத்திவர ஆறு பேர் நிண்டம். ஒருத்தரும் சிரிக்கேல்லை. ஞாயிறு அவன் கொத்தோட கொத்தாய் எங்களைக் கடந்து கடந்து போய் முழுசாய் ஓடி முடிச்சான்.

இனி நான் கேக்கவேண்டியதைக் கேக்கிறன். அண்டைக்கு மோட்டச்சைக்கிளை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தது நான். முன் டயரில அரைவாசிக்கு மேல காத்து இல்லை. ஆணி இல்லை. ஒட்டு விடேல்லை. வால்வு மூடி மட்டும் கழண்டு கிடந்தது. விடிய டயரைப் பாத்தது நீர். நான் விழுந்த உடன ஆக முதல் சிரிச்சதும் நீர்தான்.

சனத்தைச் சிரிக்க வைக்கத்தான் காத்தை இறக்கினீரோ? பகிடிக்கோ? நாலு வருசமாய் இதைத்தான் யோசிக்கிறன். போனில கேட்டா நீர் இன்னொரு பகிடி சொல்லுவீர், நானும் சிரிச்சுப்போட்டு வைச்சிடுவன். அதுதான் கடுதாசி எழுதுவம் எண்டு சொன்னனான். உம்மட மறுமொழி வந்தாப்பிறகுதான் கந்தோருக்கு என்ர மறுமொழி.

ஆனந்தராசா


பாலையூற்று,
திருகோணமலை.
27.11.2023

இஞ்சருங்கோ,

மூண்டு தாள் கிழிச்சுப்போட்டன். மூண்டிலயும் பகிடி வந்திட்டுது. இது நாலாவது. இதிலயும் வந்தா அந்த இடத்தை வெட்டிப்போட்டு வாசியுங்கோ.

ஓம். காத்தை இறக்கினது நான்தான்.

பகிடிக்கு இல்லை. பத்திரகாளி அம்மனறியப் பகிடிக்கு இல்லை. நீங்கள் வெல்லவேணும் எண்டுதான் இறக்கினனான்.

நிலாவெளிக் கடற்கரையில வலை இழுக்க வாற ட்ரக்டர்காரர் மணலில இறக்க முதல் காத்தைக் குறைப்பினம். பாத்திருக்கிறன். டயர் பப்படம் மாதிரிப் பரந்து, நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு, ஆமை மாதிரி ஊரும். மெதுவாய் ஓடுற போட்டிதானே, காத்துக் குறைஞ்சா வண்டி மெதுவாயும் போகும், ஆடாமலும் நிக்கும் எண்டு என்ர மண்டைக்குப் பட்டுது. சொன்னா நீங்கள் விடமாட்டீங்கள், களவு எண்டுவீங்கள். குளிக்கப் போன நேரம் பாத்து இறக்கினன். கொஞ்சம் இறக்கினன். இன்னும் கொஞ்சம் இறக்கினா இன்னும் மெதுவாய்ப் போகுமே எண்டு பாத்தன். கை மிஞ்சிப் போச்சு. ட்ரக்டருக்கு நாலு சக்கரம், மோட்டச்சைக்கிளுக்கு ரெண்டு எண்டது நீங்கள் விழுந்தாப்பிறகுதான் எனக்கு விளங்கினது.

குக்கருக்கு ஆசைதான். அதைவிட, எங்கட ஊரில உங்களைப் புஸ்பராணியின்ர மனிசன் எண்டுதான் சொல்லுறது. நீங்கள் வெண்டு வர, ஆனந்தராசாவின்ர பெண்சாதி எண்டு என்னை ஒருநாளாவது சொல்லட்டும் எண்டு நினைச்சனான்.

நீங்கள் விழ எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. எழும்பித் தூசு தட்டினதைக் கண்ட உடன சிரிப்பு வந்திட்டுது. அது பயம் விட்ட சிரிப்பு. சனமும் சேந்து சிரிச்சுது. நான் அந்தச் சிரிப்புக்குள்ள ஒளிச்சிட்டன். காத்து எவ்வளவு வேணும் எண்டு தெரியாத பஞ்சர்காரியிட்ட ஆர் டயரைக் குடுப்பினம்? பிறகு ஆக்கள் திரும்பத் திரும்பக் கேட்டினம், நானும் சொன்னன். சொல்லச் சொல்லக் கதை நல்லாய் வந்துது. நீங்களும் சிரிச்சுக்கொண்டுதானே நிண்டனீங்கள் எண்டு நினைச்சிருந்தன். உங்கட முதுகை நான் பாக்கேல்லை.

05.12.2023

கடுதாசியை ஒட்டாமல் வைச்சிருந்தனான். லோஜினியின்ர கலியாணம் முடியட்டும் எண்டு.

நினைச்ச மாதிரியே நடந்துது. சாப்பாட்டுப் பந்தியில மாப்பிள்ளை பகுதி, "புஸ்பக்கா, விசில் கதை, விசில் கதை" எண்டு தட்டத்தில தட்டுது. ஒரு பெடியன் மைக்கைக் கொண்டுவந்து கையில தந்திட்டான். சொன்னன். கண்ணாடி, முருங்கை, ஹெல்மெட் எல்லாம் சொன்னன். முடிவை மட்டும் மாத்தினன். "அவர் ஏன் விழுந்தவர் எண்டா, அண்டைக்கு விடிய இந்தப் பஞ்சர் கடைக்காரி களவாய் அவற்ற முன் டயரில காத்தை இறக்கிப்போட்டாள். அது தெரிஞ்சும் அந்த மனிசன் நாலு வருசமாய் என்னை ஒருத்தருக்கும் காட்டிக்குடுக்கேல்லை" எண்டன்.

பாயாசம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஆக்கள் கோப்பையைக் கீழ வைச்சினம். பிறகு பாருங்கோ, சிரிப்பெண்டா சிரிப்பு! இந்த முறை எனக்கு. அஷ்பாக் தம்பியும் வந்திருந்தவர். "புஸ்பக்கா, விரலால பாத்தோ இறக்கினனீங்கள்?" எண்டு கத்தினார். அக்கா என்னோட கதைக்கிறேல்லை. மகளின்ர கலியாணத்தில மானத்தை வாங்கிப்போட்டனாம்.

நேற்றுக் கடை திறக்க, பள்ளிக்கூடம் போற பெடியள் ரோட்டால போய்க்கொண்டு "ஸ்ஸ்ஸ்ஸ்" எண்டினம், காத்துப் போற சத்தம். பின்னேரம் தேங்காய் வாங்கப் போன இடத்திலயும் ஒரு "ஸ்ஸ்ஸ்ஸ்". ரெண்டு பேர் என்ர கடைக்கு முன்னால நிண்டு யோசிச்சுப்போட்டு அங்கால அஷ்பாக்கிட்டப் போயிட்டினம். நானும் சிரிச்சுப்போட்டுத்தான் நிண்டனான். முதுகு கூசும் எண்டு எழுதினீங்கள். ஓம், கூசுதுதான். எனக்கு ரெண்டு நாள். உங்களுக்கு நாலு வருசம்.

அங்க விழுந்தவனைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கிறேல்லை எண்டா, அது நல்ல இடந்தான். கையெழுத்துப் போடுறதெண்டாப் போடுங்கோ. நான் கோவிக்கமாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதில பகிடி ஒண்டும் இல்லை.

ஆனந்தராசாவின்ர பெண்சாதி,
புஸ்பராணி


செப்பாங்,
மலேசியா.
18.12.2023

என்ர புஸ்பம்,

உம்மட கடுதாசியை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில வாசிச்சனான். ட்ரக்டருக்கு நாலு சக்கரம் எண்ட இடத்தில எனக்குச் சிரிப்பு வந்து, தண்ணி புரைக்கேறி, அஸாம் ஓடிவந்து முதுகில குத்தினார். என்ன நடந்தது எண்டு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச மலாயில சொன்னன். அவர் நிலத்தில குந்தியிட்டார். சட்டம் ஓடுபாதைக்குள்ள மட்டுந்தானாம், சாப்பாட்டு மேசையில சிரிக்கலாமாம்.

இன்னொண்டும் சொன்னார். இந்த ரேஸ்காரரிலயும் காத்தைக் குறைச்சுப்போட்டு ஓடப் பாக்கிறவங்கள் இருக்கிறாங்களாம். டயர் நிலத்தை நல்லாய்ப் பிடிக்கும் எண்டு. அதுக்காக, இவ்வளவுக்குக் கீழ இறக்கக்கூடாது எண்டு சட்டம் வைச்சிருக்கினமாம். பிடிபட்டா தண்டனை. நீர் கண்டுபிடிச்சது ஒண்டும் விசர் வேலை இல்லை, புஸ்பம். அளவுதான் பிழைச்சுப் போச்சு.

நான் நாலு வருசமாய் ஒரு பிழையான கேள்வியை வைச்சுக்கொண்டு இருந்திட்டன். அண்டைக்கு உருட்டிக்கொண்டு வந்த உடன கேட்டிருக்கவேணும். நீர் ஒளிச்சீர், நானும் ஒளிச்சன். என்ர பிழையும் இருக்கு.

மைக்கைப் பிடிச்சுச் சொன்னீர் எண்டதை ரெண்டு தரம் வாசிச்சன். கடைக்குச் சனம் திரும்பி வரும். "ஸ்ஸ்ஸ்ஸ்" எண்டுறவங்கள் நான் வந்து கடை வாசலில நிண்டாப்பிறகும் சொல்லட்டும் பாப்பம்.

இண்டைக்குக் கந்தோருக்குப் போய் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். நல்ல ஆக்கள், ஏன் எண்டு கேட்டினம். நான் வெல்லவேணும் எண்டு வீட்டில ஒராள் பாடுபட்டவ, நான் இன்னும் வெல்லேல்லை எண்டன். அவைக்கு விளங்கேல்லை. போனையும் இனித் திறந்து வைப்பன். நீர் கதையும், நான் ஓம் சொல்லுறன்.

ஏப்பிரல் ஒன்பதாம் திகதி விடியக் கட்டுநாயக்கா ஏர்ப்போட்டில இறங்குவன். வான் பிடிச்சுக்கொண்டு வாரும். தூரப் பயணம், திருகோணமலையில வெளிக்கிட முதல் நாலு டயரும் காத்துப் பாக்கவேணும். அஷ்பாக் தம்பியிட்டப் பாரும்.

உம்மட மனிசன்,
ஆனந்தராசா